அன்றன்றே எழுதுவோம்!

சில ஆண்டுகளுக்கு முன்பு என் தாயார் தமது எண்பத்து நான்காம் வயதில் மறைந்தார். பதினாறாம் நாள் சடங்குக்கு வரும் உறவினர்களுக்கு வழங்குவதற்காகச் சிறிய நினைவு மலர் ஒன்றை அச்சிடலாம் என்று குடும்பத்தினர் முடிவு செய்தோம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன், ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவன் என்பதால், தாயாரைப் பற்றி எழுதும் பொறுப்பு இயல்பாகவே என்னிடம் வந்து சேர்ந்தது. ஒரே இரவில் இரண்டு பக்கங்களை எழுதி முடித்தேன். அன்பின் உறைவிடம், பொறுமையின் இலக்கணம், தியாகத்தின் திருவுருவம் என்று சொற்கள் தங்குதடையின்றி வந்தன.

அச்சகத்துக்கு அனுப்பும் முன்பு அதை என் தமக்கையாரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் பள்ளியிறுதி வகுப்புவரை படித்தவர். இரண்டு முறை நிதானமாகப் படித்துவிட்டு, 'நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. ஆனால், இது யாருடைய அம்மாவுக்கும் பொருந்துமே. பால் கணக்கைச் சமையலறைச் சுவரில் கரிக்கோடு போட்டு வைப்பாரே, அந்த அம்மா இதில் எங்கே?' என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். அந்தக் கரிக்கோடுகளைப் பார்த்து வளர்ந்தவன்தான் நானும். நாள்தோறும் காலையில் பாலை அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே அம்மா கோடு போட்டுவிடுவார். அரைப்படிக்கு ஒரு நெடுங்கோடு. கூடுதலாக வாங்கிய நாளில் பக்கத்தில் ஒரு புள்ளி. மாதக் கடைசியில் பால்காரருக்கும் அவருக்கும் கணக்கில் ஒருநாளும் தகராறு வந்ததில்லை. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத ஒருவர் அன்றாடம் பதிவு செய்த அந்தக் கணக்கு, பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்ற மகனின் நினைவுக்கு வரவில்லை. அன்று தொடங்கியதுதான் என் நாட்குறிப்புப் பழக்கம்.

நாட்குறிப்பு எழுதினால் எழுத்தாற்றல் வளரும் என்று ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு, நானும் சொல்லியிருக்கிறேன். எப்படி வளரும் என்று கேட்டால், 'எழுத எழுதக் கை பழகும்' என்பதற்கு மேல் என்னிடம் விடை இருந்ததில்லை. இப்போது அந்த விடை எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. கை பழகுவதால் மட்டும் எழுத்து சிறக்கும் என்றால், நினைவு மலரில் எழுதிய அந்த இரண்டு பக்கங்கள் சிறந்திருக்க வேண்டும். என் கை நன்றாகவே பழகியிருந்தது. என்னிடம் இல்லாமல் போனது சொல் அல்ல, செய்தி. அன்றாடம் கண்டதையும் கேட்டதையும் நான் சேமித்து வைத்திருக்கவில்லை. எழுத வேண்டிய நேரத்தில் கையில் எஞ்சியிருந்தவை பொதுச் சொற்கள் மட்டுமே.

இது நினைவாற்றலின் இயல்பு. ஜெர்மானிய உளவியல் அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தம்மையே சோதித்துப் பார்த்தார். 1885-இல் வெளியான அவரது நூல், மறதி என்பது சீராக நிகழ்வதன்று என்பதைக் காட்டியது. தொடக்கத்தில் சரசரவென்று சரிந்து, பின்னர் மெல்ல மெல்லக் குறைவது அது. கற்றதன் பயனில் பாதிக்கும் மேல் முதல் ஒரு மணி நேரத்திலேயே கரைந்து போயிற்று. வாழ்க்கை அனுபவம் பொருளற்ற அசைகளைப் போன்றதன்று என்பது உண்மையே. ஆயினும், அனுபவத்திலும் முதலில் உதிர்பவை நுண்ணிய விவரங்கள்தாம். திருமண விருந்து 'சிறப்பாக இருந்தது' என்பது பத்து ஆண்டுகளுக்கும் நினைவில் நிற்கும். பந்தியில் பக்கத்தில் அமர்ந்தவர் என்ன பேசினார் என்பது மறுவாரமே மறைந்துவிடும்.

நான் சார்ந்த துறை இந்த உண்மையைப் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. நம் நாட்டில் மக்கள் எவ்வளவு நுகர்கிறார்கள் என்பதைத் தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு வீடு வீடாகச் சென்று கேட்டறிந்து வந்தது. 'கடந்த 30 நாள்களில் எவ்வளவு பருப்பு வாங்கினீர்கள்?' என்று கேட்பது நெடுங்கால வழக்கம். 1990-களில் சோதனை முறையில், சில குடும்பங்களிடம் உணவுப் பொருள்களுக்கு 30 நாள்களுக்குப் பதிலாக 7 நாள் கணக்கைக் கேட்டார்கள். அவ்வாறு கேட்டபோது கிடைத்த நுகர்வு அளவு, 30 நாள் கணக்கில் கிடைத்ததைக் காட்டிலும் கணிசமாகக் கூடியிருந்தது. மக்கள் கூடுதலாக உண்ணத் தொடங்கிவிடவில்லை. கேட்ட கால அளவு மாறியதால் நினைவு தந்த விடையும் மாறியது.

1999-2000-இல் நடைபெற்ற 55-ஆவது சுற்றில், ஒரே படிவத்தில் 7 நாள் கேள்வியையும் 30 நாள் கேள்வியையும் பக்கம் பக்கமாக வைத்தார்கள். ஒன்றின் விடை மற்றொன்றின் விடையைப் பாதித்தது. அந்தச் சுற்றின் அடிப்படையில் நாட்டின் வறுமை ஏறத்தாழ 26 விழுக்காடாகக் குறைந்துவிட்டது என்று அறிவிக்கப்பட்டபோது, பொருளாதார அறிஞர்களிடையே பெரும் விவாதம் மூண்டது. முந்தைய ஆண்டுகளின் எண்ணோடு அந்த எண்ணை ஒப்பிடவே முடியாது என்று பலரும் வாதிட்டனர். ஒரு நாட்டின் வறுமைக் கணக்கே எத்தனை நாள்களுக்கு முந்தைய நினைவைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும் என்றால், தனிமனிதர் தம் வாழ்க்கையைப் பற்றி எழுதும் கட்டுரை எந்த அளவுக்கு மாறும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மாற்று வழியையும் அத்துறையே கண்டது. டேரில் காலின்ஸ், ஜோனதன் மோர்டக், ஸ்டூவர்ட் ரூதர்ஃபோர்ட், ஒர்லாண்டா ருத்வென் ஆகிய நால்வரும் எழுதிய நூலொன்று 2009-இல் வெளிவந்தது. வங்கதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் 250-க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களை, ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை என ஓராண்டுக் காலம் தொடர்ந்து சந்தித்து, வரவையும் செலவையும் கடனையும் பதிந்த ஆய்வு அது. 'நிதி நாட்குறிப்பு' என்பதே அந்த முறைக்கு அவர்கள் இட்ட பெயர். ஒருமுறை மட்டும் சென்று கேட்டிருந்தால் 'ஏழைகளிடம் சேமிப்பு இல்லை' என்ற பொது வாக்கியமே கிடைத்திருக்கும். தொடர்ந்து பதிந்ததால், கைமாற்று, சீட்டு, பக்கத்து வீட்டாரிடம் கொடுத்து வைத்த பணம், கடைக்காரரிடம் வைத்த பாக்கி என அவர்கள் ஒரே நேரத்தில் எத்தனை வழிகளில் பணத்தைக் கையாள்கிறார்கள் என்பது வெளிப்பட்டது.

வணிகர்கள் இதைப் பொருளாதார அறிஞர்களுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். இத்தாலியத் துறவியும் கணித அறிஞருமான லூக்கா பச்சோலி, வெனிஸ் நகர வணிகர்களின் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை 1494-இல் அச்சான தமது நூலில் விளக்கினார். வணிகர் மூன்று ஏடுகளை வைத்திருக்க வேண்டும் என்கிறார் அவர். நடந்ததை நடந்தவுடன், எந்த ஒழுங்குமின்றி எழுதிக்கொள்ளும் நினைவேடு ஒன்று. அதை முறைப்படுத்தி நாள்வரிசையில் எழுதும் குறிப்பேடு ஒன்று. கணக்குவாரியாகத் தொகுக்கும் பேரேடு ஒன்று. வணிகவியல் மாணவர்கள் இன்றும் குறிப்பேட்டிலிருந்துதான் பேரேட்டுக்கு எடுத்து எழுதுகிறார்கள். குறிப்பேட்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஜர்னல்' என்ற சொல்லே நாட்குறிப்புக்கும் வழங்குகிறது. நாம் எழுதும் கட்டுரையும் கடிதமும் சொற்பொழிவும் பேரேடு போன்றவை. குறிப்பேடு இல்லாமல் பேரேட்டை நிரப்ப முயலும் வணிகர் கற்பனைக் கணக்குத்தான் எழுத முடியும். என் நினைவு மலர்க் கட்டுரை அத்தகைய கற்பனைக் கணக்கு.

நாட்குறிப்பின் வலிமையை உணர நாம் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. 18-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை, வணிகர். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாகப் பணியாற்றியவர். 1736 முதல் 1761-இல் மறையும் காலம் வரை, இடையிடையே விடுபட்டாலும் ஏறத்தாழ கால் நூற்றாண்டு அவர் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் எப்போது வந்தது, எத்தனை பீரங்கி முழங்கியது, துணிச் சரக்கின் நிலை என்ன, ஆளுநர் மாளிகையில் யார் யாரிடம் என்ன சொன்னார் என்றெல்லாம் எழுதி வைத்தார். புலவர்கள் போற்றும் செந்தமிழ் நடையன்று அது. பேச்சு வழக்கும், பாரசீகம், போர்ச்சுகீசியம், பிரெஞ்சு முதலான மொழிகளின் சொற்களும் கலந்த வணிகத் தமிழ். ஆயினும், அவர் காலத்துப் புதுச்சேரி இன்றும் நம் கண்முன் நிற்பது அந்த நடையினால்தான். பிற்காலத்தில் சென்னை அரசு அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளியிட்டது.

இங்கிலாந்தின் சாமுவேல் பீப்ஸ் 1660 முதல் 1669 வரை நாட்குறிப்பு எழுதியவர். 1666-இல் லண்டன் மாநகரையே அழித்த பெருந்தீயைப் பற்றி வரலாற்று நூல்கள் எத்தனையோ உண்டு. தீ நெருங்கி வரும் நேரத்தில் தம்முடைய மதுப்புட்டிகளையும் விலையுயர்ந்த பாலாடைக்கட்டியையும் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்ததாக அவர் எழுதி வைத்திருப்பதைப் படிக்கும்போதுதான், அந்த நகரத்து மனிதர் ஒருவரின் பதற்றம் நமக்குப் புரிகிறது. 'மக்கள் அச்சமடைந்தனர்' என்ற வாக்கியம் அதைச் செய்யாது.

காந்தியடிகளின் செயலாளரான மகாதேவ் தேசாய், 1917-இல் தொடங்கி, 1942 ஆகஸ்ட் 15 அன்று சிறையில் இறப்பதற்கு முந்தைய நாள் வரை நாட்குறிப்பு எழுதினார். காந்தியடிகள் யாருக்கு என்ன விடை சொன்னார், எந்தச் சொல்லை எப்போது பயன்படுத்தினார் என்பதெல்லாம் இன்று நமக்குத் தெரிவது பெரும்பாலும் அவர் அன்றன்றே எழுதி வைத்ததால்தான்.

சார்லஸ் டார்வின் கூறிய ஒரு செய்தி இவ்வகையில் மிகவும் சிந்திக்கத் தக்கது. தம் கருத்துக்கு எதிரான சான்று கண்ணில் பட்டால் அதை உடனே எழுதி வைத்துக்கொள்வதைத் தம் வாழ்நாள் விதியாகக் கொண்டிருந்ததாகத் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். சாதகமான செய்திகளைக் காட்டிலும் பாதகமானவை விரைவில் மறந்து போகின்றன என்பதைத் தம் அனுபவத்தில் கண்டதாலேயே அவ்வாறு செய்தாராம். மறதி நடுநிலையானதன்று, நமக்குப் பிடித்தமானதை வைத்துக்கொண்டு பிடிக்காததைத் தள்ளிவிடும் என்பதை இது உணர்த்துகிறது. ஆக, நாட்குறிப்பு எழுத்தைத் தெளிவாக்குவதோடு நேர்மையாகவும் ஆக்குகிறது.

இவ்வளவு அறிந்திருந்தும், நான் எழுதிய முதல் மாத நாட்குறிப்பு பயனற்றது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 'இன்று மனத்துக்கு நிறைவான நாள். பழைய நண்பர்களைச் சந்தித்தேன். பல செய்திகளைப் பேசினோம்' என்பது ஒருநாள் குறிப்பு. ஒரு மாதம் கழித்துப் படித்தபோது, எந்த நண்பர்கள், என்ன செய்திகள் என்பது எனக்கே விளங்கவில்லை. நினைவு மலரில் செய்த அதே தவறை நாள்தோறும் செய்துகொண்டிருந்தேன். தவறான முறையில் நாள்தோறும் எழுதினால் தவறுதான் பழகும். ஐம்பது ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதியும் 'எழுந்தேன், உண்டேன், உறங்கினேன்' என்பதற்கு மேல் செல்லாதவர்கள் உண்டு.

அதன் பிறகு எனக்கு நானே சில விதிகளை வகுத்துக்கொண்டேன். முதலாவது, நாள் முழுவதையும் எழுதாமல், ஒரே ஒரு நிகழ்ச்சியை மட்டும் எழுதுவது. இரண்டாவது, அதில் இடம், நேரம், ஆள், அளவு, சொன்ன சொல் ஆகியவற்றில் குறைந்தது மூன்றாவது இருக்க வேண்டும். மூன்றாவது, 'அருமை', 'மகிழ்ச்சி', 'வருத்தம்', 'சிறப்பு' போன்ற சொற்களுக்குத் தடை. மகிழ்ச்சியாக இருந்தது என்று எழுதுவதற்குப் பதில், மகிழ்ச்சிக்குக் காரணமானதை எழுதிவிட வேண்டும்.

இந்த விதிகளுக்குப் பிறகு எழுதிய குறிப்பு ஒன்றைச் சான்றாகத் தருகிறேன்: 'காலை 7 மணி. தெருமுனைத் தேநீர்க் கடை. தேநீர் 10 ரூபாயிலிருந்து 12 ரூபாய். விலைப்பலகையில் பழைய எண்ணை அழிக்கவில்லை. அதன்மேல் துண்டுத்தாளை ஒட்டிப் புதிய விலையை எழுதியிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். பால் விலை இறங்கினால் கிழித்துவிடலாமே சார் என்றார்.'

இதில் அலங்காரம் ஏதுமில்லை. எழுதுவதற்கு ஐந்து நிமிடங்கள் ஆயின. ஆனால், விலைவாசி குறித்து மக்கள் கொண்டிருக்கும் எதிர்பார்ப்பைப் பற்றிப் பின்னர் ஒரு கூட்டத்தில் பேச நேர்ந்தபோது, வகுப்பறையில் பல ஆண்டுகள் வரைபடம் போட்டு விளக்கியதை அந்தத் துண்டுத்தாள் ஒரு நிமிடத்தில் விளக்கியது. அவைக்குப் பின்வரிசையில் அமர்ந்திருந்தவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். கடை மறந்திருந்தால் அந்த விளக்கமும் இல்லை.

விதிகளுள் மிகவும் இன்றியமையாதது, திரும்பப் படிப்பது. வாரத்துக்கு ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், அந்த வாரக் குறிப்புகளைப் படிக்கிறேன். எழுதிய அன்று தெளிவாகத் தோன்றிய வாக்கியம் ஏழு நாள் கழித்துப் புரியாமல் நிற்கும். அதன்கீழ் ஒரு கோடு இடுகிறேன். எழுதியவனே வாசகனாக மாறும் இடம் இதுதான். ஆசிரியரோ இதழாசிரியரோ இல்லாமலேயே, என் எழுத்தின் குறை எனக்கே தெரிகிறது. பின்னர் அந்த வாரத்தின் ஏதேனும் ஒரு குறிப்பை எடுத்து, பிறர் படிக்கத்தக்க ஒரு பத்தியாக விரித்து எழுதுகிறேன். குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்கு எடுத்து எழுதுவது போன்ற பணி இது. நாட்குறிப்பு எழுதுவது பாதிப் பயிற்சி. திருத்தி எழுதுவது மறுபாதி.

இத்தகைய பயிற்சியை முதுகலை மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் வாய்ப்பும் எனக்குக் கிடைத்தது. ஓய்வுக்குப் பின் ஒரு கல்லூரியில் சிறப்பு வகுப்புகள் எடுத்தபோது, தம் வீட்டின் செலவுகளை மூன்று வாரம் அன்றன்றே எழுதி வருமாறு கேட்டேன். அதற்கு முன்பு எழுதிய தேர்வுத்தாள்களில் எல்லாரும் 'கிராமப்புறங்களில் கடன்சுமை மிகுந்து காணப்படுகிறது' என்றே எழுதியிருந்தனர். மூன்று வாரம் கழித்து ஒரு மாணவி தந்த ஏட்டில், தம்பியின் விடுதிக் கட்டணத்துக்காகப் புதன்கிழமை அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனதும், வெள்ளிக்கிழமை உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக அதே கம்மலை மீட்கப் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கியதும், திங்கள்கிழமை அது மீண்டும் அடகுக் கடைக்குச் சென்றதும் நாள்வாரியாக இருந்தன. அந்த வகுப்பில் கடன் பற்றி நான் நடத்திய பாடங்களைவிட அந்தப் பக்கம் கற்றுக்கொடுத்தது மிகுதி. அந்த மாணவிக்குப் புதிய சொல் ஒன்றையும் நான் கற்பிக்கவில்லை. பார்த்ததைப் பார்த்த அன்றே எழுதச் சொன்னேன், அவ்வளவே.

இதில் புதுமை எதுவும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத் துறையின் முதல் பேராசிரியராகப் பொறுப்பேற்ற கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ஆம் ஆண்டிலேயே தம் மாணவர்களை அவரவர் ஊருக்கு அனுப்பி, நிலம், கூலி, கடன், உணவு ஆகியவற்றைக் கேட்டு எழுதி வரச் செய்தார். அவ்வாறு தொகுக்கப்பட்ட தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய நூல் 1918-இல் வெளிவந்தது. அவ்வூர்களுக்குப் பிற்கால ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் சென்று மாற்றங்களை அளவிட முடிந்தது, அன்று மாணவர்கள் எழுதி வைத்த விவரங்கள் இருந்ததால்தான்.

நாட்குறிப்பு எழுத நேரமில்லை என்பார்கள் சிலர். ஒரு நிகழ்ச்சியை எழுதப் பத்து நிமிடம் போதும். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு நாளுக்கும் சேர்த்து எழுத முயலக் கூடாது, விட்டது விட்டதுதான். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலும் இடைவெளிகள் உண்டு. பிறர் படித்துவிடுவார்களே என்ற அச்சமும் இயல்பானதே. பீப்ஸ் தம் நாட்குறிப்பைச் சுருக்கெழுத்தில்தான் எழுதினார். பூட்டிய இழுப்பறையோ கடவுச்சொல் இட்ட கைப்பேசியோ நமக்குப் போதும். நாட்குறிப்பைப் பிறருக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை என்பதுதான் அதன் விடுதலை. காட்டப்போகிறோம் என்ற எண்ணம் வந்த அன்றே அலங்காரமும் வந்துவிடும். தாளா, கைப்பேசியா என்பது அவரவர் வசதி. என்னைப் பொருத்தவரை, 200 பக்கக் கோடிட்ட நோட்டும் பேனாவும் போதுமானவை.

இன்று கணினியிடம் தலைப்பைச் சொன்னால் போதும்; 'தாயின் பெருமை' குறித்து நொடிப்பொழுதில் பிழையற்ற இரண்டு பக்கங்கள் வந்து விழுகின்றன. அப்படியிருக்க எழுதிப் பழகுவது எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பொருளாதாரம் படித்தவனின் விடை எளியது. எது மிகுதியாகக் கிடைக்கிறதோ அதன் மதிப்பு குறையும். எது அரிதோ அதன் மதிப்பு உயரும். பொதுவான, வழவழப்பான வாக்கியங்கள் இனி அளவின்றிக் கிடைக்கும். சமையலறைச் சுவரின் கரிக்கோட்டை அங்கே நின்று பார்த்தவரால் மட்டுமே தர முடியும். அவர் எழுதி வைக்காவிட்டால் அது எந்த இயந்திரத்துக்கும் கிட்டாது. ஆகவே, கண்டதை எழுதும் பழக்கத்துக்கு முன்னெப்போதையும்விட இப்போதுதான் தேவை மிகுதி.

நினைவு மலர் என்ன ஆயிற்று என்று வாசகர் கேட்கக்கூடும். காலம் இல்லாததால், கரிக்கோட்டைப் பற்றிய நான்கு வரிகளைச் சேர்த்து, மற்றவற்றை அப்படியே அச்சிட்டோம். மலரைப் படித்த உறவினர்கள் பின்னர் என்னிடம் பேசியதெல்லாம் அந்த நான்கு வரிகளைப் பற்றித்தான். எங்கள் பழைய வீடு அதற்கு முன்பே கைமாறி, சுவர் இடிக்கப்பட்டுவிட்டது. அம்மாவின் கடைசி ஆண்டுகளில் வாரந்தோறும் அவரோடு பல மணி நேரம் பேசியிருக்கிறேன். பேசியவற்றுள் இன்று எனக்கு நினைவிருப்பவை பத்து வாக்கியங்கள்கூட இல்லை. அந்த இழப்பை எந்த நாட்குறிப்பாலும் இனி ஈடுசெய்ய முடியாது.

அண்மையில் தமக்கையாருக்கு எழுபது வயது நிறைந்தது. குடும்பத்தார் கூடியிருந்த இடத்தில் வாசிப்பதற்காக, கடந்த ஆண்டுகளின் நாட்குறிப்புகளிலிருந்து அவரைப் பற்றிய குறிப்புகளைத் தொகுத்து இரண்டு பக்கம் எழுதினேன். இம்முறை அன்பின் உறைவிடம் எதுவும் இல்லை. அவர் தொலைபேசியில் சொன்னவை, பேருந்தில் சில்லறைக்காக நடத்துநரோடு வாதிட்டது, எனக்குக் காய்ச்சல் கண்டபோது முருங்கைக்கீரைச் சாறு வைத்து எடுத்து வந்தது ஆகியவை இருந்தன. வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் குறுக்கிட்டார்: 'முருங்கை இல்லை தம்பி, அன்றைக்குக் கிடைத்தது மணத்தக்காளி.' எல்லாரும் சிரித்தனர். வீட்டுக்கு வந்து நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். மணத்தக்காளி என்றுதான் எழுதியிருந்தேன். எடுத்து எழுதும்போது நினைவை நம்பி முருங்கை என்று மாற்றியிருக்கிறேன்.

'தியாகத்தின் திருவுருவம்' என்று எழுதியபோது அதில் திருத்துவதற்கு அவருக்கு எதுவும் அகப்படவில்லை. பிழை என்று ஒருவர் சுட்டிக்காட்டக்கூடிய வாக்கியமே ஏதேனும் ஒன்றைச் சொல்லும் வாக்கியம். அத்தகைய வாக்கியங்களை எழுதக் கற்பதே எழுத்தாற்றல் என்று நான் கருதுகிறேன். அதற்கு அகராதியும் இலக்கணமும் துணை செய்யும். ஆனால், மூலப்பொருள் அன்றாட வாழ்விலிருந்துதான் வர வேண்டும்.

புத்தாண்டு பிறக்கட்டும், நல்ல நாள் வரட்டும், அழகிய நாட்குறிப்பு ஏடு வாங்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இன்று கண்ட ஒரு நிகழ்ச்சியை, கேட்ட ஒரு சொல்லை, இன்றிரவு உறங்கும் முன்பு நான்கு வரிகளில் எழுதி வைப்போம். பெற்றோர் உடனிருக்கும் பேறு பெற்றவர்கள், அவர்கள் இன்று பேசிய ஒரு வாக்கியத்தையாவது அவர்கள் சொன்னபடியே எழுதி வைக்கட்டும். பால் அடுப்பில் ஏறும் முன்பே கோட்டைப் போட்டுவிட வேண்டும் என்பது என் தாயார் கடைப்பிடித்த விதி. எழுத விரும்புவோர்க்கும் அதுவே விதி.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).